கண்புரை ஆபரேஷனா? ரேட் அட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் இன்ச் டேப்பை எடுங்கள்

அம்மாவுக்குப் புரை என்று உறுதியான அன்று டாக்டர் எங்களோடு பேசியது ஐந்து நிமிஷம். அதன் பிறகு கௌன்சிலிங் மேஜைக்கு அனுப்பினார்கள். அங்கே லேமினேட் செய்த ஒரு அட்டை, புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸின் விலை, நாலு கட்டமாக: இந்திய மடக்கு லென்ஸ் 24,000, வெளிநாட்டு லென்ஸ் 42,000, டோரிக் 60,000, ட்ரைஃபோகல் 95,000. எல்லாம் ஒரு கண்ணுக்கு. "எது போடலாம் சார்?" என்று அந்தப் பெண் என்னைத்தான் கேட்டார், கண்ணுக்குச் சொந்தக்காரரை இல்லை. அம்மாவுக்குத்தானே, இருப்பதிலேயே நல்லதைப் போட்டுவிடலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "இதைப் போட்டா கண்ணாடி இல்லாம ஊசில நூல் கோர்க்க முடியுமாம்மா?"

அம்மா டெய்லர். திண்டுக்கல்லில் வீட்டுத் திண்ணையிலேயே முப்பது வருஷத்துக்கு மேலாக ஜாக்கெட் தைக்கிறார். சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை, மைனஸ் 4 கண்ணாடி. தூரத்தில் பார்க்கக் கண்ணாடி வேண்டும், கொக்கி வைத்துத் தைக்கும்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெறுங்கண்ணால் பார்ப்பார். புரை வருவதற்கு முன்பு வரை அப்படித்தான்.

"இல்லம்மா, கிட்டப் பார்க்கறதுக்குக் கண்ணாடி போட்டுக்கணும்" என்றார் அந்தப் பெண். முதல் மூன்று கட்டத்துக்கும் அதே பதில்தான். அதாவது 24,000 கொடுத்தாலும் 60,000 கொடுத்தாலும் அம்மா இத்தனை வருஷமாகக் கண்ணாடி இல்லாமல் செய்துவந்த ஒரே வேலைக்கு இனிமேல் கண்ணாடி வேண்டும்! அடுத்த வாரம் வருகிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டோம்.

அந்த வாரம் நாலு பேரிடம் கேட்டு, இன்னொரு டாக்டரிடமும் காட்டித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த மேஜைக்கு முன்னால் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்தவன். அட்டையில் விலை போட்டிருப்பது லென்ஸின் வகைக்கு. அந்த லென்ஸ் எந்தத் தூரத்துக்குத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது தனி விஷயம். அதற்கு ஒரு பைசா செலவில்லை, அதனாலோ என்னவோ அட்டையில் அதற்குக் கட்டமும் இல்லை.

1. அவசரம் இல்லை, அதற்காக முத்த விடவும் வேண்டாம்

"புரை முத்தட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்பது பழைய காலத்துப் பேச்சு. கண்ணுக்குள் லென்ஸ் வைக்காமல் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்பிய நாட்களில் அதில் ஒரு நியாயம் இருந்தது. இப்போது புரை முத்தினால் கல் மாதிரி கெட்டியாகிவிடும், உடைத்து எடுப்பதற்குள் கண்ணின் மற்ற பாகங்களுக்குக் கூடுதல் சிரமம். அதே சமயம் பெரும்பாலான புரை நாளைக்கே வெட்ட வேண்டிய விஷயமும் இல்லை. "இந்த வாரமே அட்வான்ஸ் கட்டினால் ஆஃபர்" என்று யாராவது சொன்னால் தைரியமாக எழுந்து வரலாம். கண் அழுத்தம் ஏறியிருக்கிறது, புரை வீங்கியிருக்கிறது என்று டாக்டரே சொன்னால் மட்டும் நாள் தள்ளாதீர்கள்.

எப்போது செய்வது? தினசரி வேலை தடைபடும்போது. எதிரே வரும் வண்டியின் விளக்கு கூசுவது, படி தெரியாமல் கால் இடறுவது, கண்ணாடி மாற்றியும் தெளியாதது, இவைதான் கணக்கு. இன்னொன்று, அறுபது எழுபது வயதில் திடீரென்று "கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறேன், கண்ணு திரும்பி வந்துடுச்சு" என்று பெருமையாகச் சொல்கிற தாத்தாக்களைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அதுவே புரையின் வேலைதான். லென்ஸின் நடுப்பகுதி இறுகும்போது மைனஸ் பவர் ஏறுகிறது, அதனால் கிட்டத்தில் தெரிகிறது. கொஞ்ச மாதம் அனுபவிக்கட்டும், ஆனால் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

2. இன்ச் டேப்பை எடுங்கள்

எங்கள் வீட்டில் இது சுலபம், அம்மாவின் கழுத்திலேயே டேப் தொங்கும். ஒருநாள் முழுக்க அவர் எதையெல்லாம் எவ்வளவு தூரத்தில் பார்க்கிறார் என்று அளந்து ஒரு நோட்டில் எழுதினேன். தையல் மெஷின் ஊசி கண்ணிலிருந்து 16 இன்ச், அதாவது 40 சென்டிமீட்டர். கையில் பிடித்துக் கொக்கி வைக்கும்போது 13 இன்ச். போன் 14 இன்ச். அடுப்பில் இருக்கும் பாத்திரம் 25 இன்ச். டிவி ஒன்பதடி. பஸ் போர்டு பார்ப்பது மாதத்துக்கு இரண்டு முறை, அதுவும் கூட யாராவது இருப்பார்கள். இரவில் வண்டி ஓட்டுவது இல்லவே இல்லை.

பட்டியல் கையில் வந்தபோது எனக்கே வெட்கமாகப் போயிற்று. 'நல்ல லென்ஸ்' என்று நான் வாங்க இருந்தது அம்மா மாதம் இரண்டு முறை பார்க்கும் பஸ் போர்டுக்கு.

உங்கள் வீட்டிலும் அளந்து பாருங்கள். கணக்குப் பிள்ளையாக இருந்தவருக்குக் கம்ப்யூட்டர் தூரம் முக்கியம், 55–65 சென்டிமீட்டர். தோட்டம் துரவு என்று அலைகிறவருக்குத் தூரம் முக்கியம், பாம்பா கயிறா என்று தெரிய வேண்டும். டிரைவருக்குத் தூரமும் டேஷ்போர்டும், அதுவும் இரவில். "கண்ணாடி போடுவது உங்களுக்குத் தொந்தரவா?" என்பதையும் வாய்விட்டுக் கேளுங்கள். ஐம்பது வருஷமாகக் கண்ணாடி போட்டவர்கள் பலர் அது இல்லாவிட்டால் முகமே வெறிச்சென்று இருக்கிறது என்பார்கள். அவர்களுக்குக் கண்ணாடியே வேண்டாத லென்ஸை ஒரு லட்சம் கொடுத்து வைப்பதில் யாருக்கு லாபம்?

3. டெஸ்டுகளும், கேட்டு வாங்க வேண்டிய ஒரு தாளும்

மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்காமல் லென்ஸைப் பற்றிப் பேசவே கூடாது. சுகர்காரர்களுக்கு விழித்திரையில் கசிவு இருக்கலாம், வயதானவர்களுக்கு அதன் மையம் தேய்ந்திருக்கலாம், கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய் இருக்கலாம். இதில் எது இருந்தாலும் புரையை மட்டும் எடுத்தால் பார்வை முழுசாக வராது. ஒரே லென்ஸில் பல தூரத்தையும் காட்டும் விலை உயர்ந்த மல்டிஃபோகல் வகைகளும் அநேகமாகப் பொருந்தாது.

அடுத்தது பயோமெட்ரி. கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து எத்தனை பவர் லென்ஸ் வைப்பது என்று கணக்குப் போடுவார்கள். ஒளியால் அளக்கும் மெஷின் துல்லியமானது. புரை ரொம்ப அடர்த்தியாக இருந்தால் ஒளி ஊடுருவாது, அப்போது அல்ட்ராசவுண்டில் ஏ-ஸ்கேன் எடுப்பார்கள். இந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். இன்சூரன்ஸுக்கும் இது வேண்டும், இரண்டாவது டாக்டரிடம் போனால் அவருக்கும் உதவும். கண் நீளம் சராசரியாக 23.5 மில்லிமீட்டர் சுற்றி இருக்கும், கிட்டப்பார்வைக்காரர்களுக்கு அதிகம். கே1, கே2 என்று இரண்டு எண் இருக்கும், கருவிழி இரண்டு திசையில் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது அது. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கருவிழியின் சிலிண்டர் பவர். பேனாவால் அதை வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், டோரிக் பேச்சு வரும்போது தேவைப்படும்.

கண் வறண்டிருந்தால் இந்த அளவே தப்பாக வரும். அதனால் டாக்டர் இரண்டு வாரம் சொட்டு மருந்து போட்டுவிட்டு மறுபடி அளக்கலாம் என்றால் சலித்துக்கொள்ளாதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று கேட்டு நிறுத்திவிட்டுத்தான் அளக்க வேண்டும். கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் என்கிற லேசர் சிகிச்சை செய்தவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், பவர் கணக்கே மாறும்.

மருந்து விஷயத்தில் ஆண்களுக்கு ஒரு குறிப்பு. புராஸ்டேட்டுக்காக டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியவர்களும்கூட, கண் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் நடக்கும்போது கருவிழிக்குப் பின்னால் இருக்கும் திரை தொளதொளத்துச் சுருங்க அது காரணமாகும். முன்பே தெரிந்தால் டாக்டர் தயாராக இருப்பார். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

4. காசில்லாத தேர்வு: ஃபோகஸ் எங்கே?

சாதாரண லென்ஸுக்கு, அதாவது மோனோஃபோகலுக்கு, ஒரே தூரத்தில்தான் முழுத் தெளிவு. அது எந்தத் தூரம் என்பதை வைக்கிற லென்ஸின் பவரை மாற்றி டாக்டர் நிர்ணயிக்கிறார். யாரும் எதுவும் சொல்லாவிட்டால் வழக்கப்படி தூரத்துக்கு வைத்துவிடுவார்கள். பெரும்பாலானோருக்கு அதுவே சரி. தூரம் நன்றாகத் தெரியும், படிக்க ஒரு கண்ணாடி.

ஆனால் அம்மா மாதிரி ஆட்களுக்கு அது தலைகீழ். இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு: ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணில் மிச்சம் வைக்கிற மைனஸ் பவரால் 100-ஐ வகுத்தால் வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தூரம் சென்டிமீட்டரில் வரும். மைனஸ் 2.5 என்றால் 40 சென்டிமீட்டர், மைனஸ் 2 என்றால் 50, மைனஸ் 1.5 என்றால் சுமார் 67. அம்மாவின் தையல் மெஷின் ஊசி 40 சென்டிமீட்டர் அல்லவா?

இரண்டாவது டாக்டரிடம் இந்த நோட்டைக் காட்டினேன். சிரித்துவிட்டு, "இதை எல்லாரும் எழுதிட்டு வந்தா எனக்கு வேலை சுலபம்" என்றார். இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 2.5 குறி. தூரத்துக்குப் பழையபடி கண்ணாடி, ஆனால் முன்னைவிட மெலிசாக. கிட்டத்தில் வெறுங்கண். லென்ஸ் எது? அட்டையில் இருந்ததிலேயே குறைந்த விலைக் கட்டம்தான்.

இன்னொரு வழி, ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கொஞ்சம் கிட்டத்துக்கும் வைப்பது. இதை மோனோவிஷன் என்கிறார்கள். மூளை இரண்டையும் சேர்த்துப் பழகிக்கொள்ளும், எல்லாருக்கும் அல்ல. கான்டாக்ட் லென்ஸில் ஏற்கெனவே இப்படிப் பழகியவர்களுக்குக் கச்சிதம். மற்றவர்கள் பெரிய வித்தியாசம் கேட்காமல் மிதமாக வைத்துக்கொள்வது நல்லது.

குறி வைத்தது அப்படியே வரும் என்றும் நினைக்காதீர்கள். அரைப் பவர் முன்னே பின்னே போகலாம். அதிகப் பவர்காரர்களுக்கு இன்னொரு சிக்கல்: மைனஸ் 7 இருக்கும் ஒருவருக்கு முதல் கண்ணைத் தூரத்துக்கு மாற்றிவிட்டால் இரண்டு கண்ணுக்கும் இடையே ஏழு பவர் வித்தியாசம், எந்தக் கண்ணாடி போட்டாலும் தலை சுற்றும். அவர்கள் இரண்டாவது கண்ணுக்கான தேதியையும் பணத்தையும் முதல் கண்ணோடு சேர்த்தே திட்டமிட வேண்டும்.

5. இப்போது அட்டையைப் பார்க்கலாம்

முதலில் இந்தியாவா வெளிநாடா. இதில் நம் ஆட்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் துணையாக 1992-ல் தொடங்கிய ஆரோலேப் வந்த பிறகுதான் கண் லென்ஸ் ஏழைக்கும் எட்டியது, அந்த லென்ஸ்கள் இன்று பல நாடுகளுக்குப் போகின்றன. சென்னையின் அப்பாசாமியும் லென்ஸ் செய்கிறது. மோனோஃபோகலைப் பொறுத்தவரை, நல்ல சர்ஜன் கையில் இந்திய லென்ஸ் வைத்த கண்ணும் அமெரிக்க லென்ஸ் வைத்த கண்ணும் பஸ் போர்டைப் படிப்பதில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரிந்த யாரும் சொன்னதில்லை. கேட்க வேண்டியது ஊரை அல்ல, பொருளை: "இது ஹைட்ரோஃபோபிக்கா, ஹைட்ரோஃபிலிக்கா?" ஹைட்ரோஃபோபிக் அக்ரிலிக் வகையில், லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வு பிற்பாடு மங்குவது குறைவு. இந்தியத் தயாரிப்பிலேயே அது கிடைக்கிறது. அந்த வித்தியாசத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

டோரிக். கருவிழி எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இல்லாதவர்களுக்கான லென்ஸ் இது. நீங்கள் வட்டம் போட்ட கே1, கே2 வித்தியாசம் ஒன்றுக்குக் குறைவு என்றால் பெரும்பாலும் தேவையில்லை. ஒன்றைத் தாண்டினால் பேசலாம், ஒன்றரை இரண்டு என்றால் என் கருத்தில் அட்டையிலேயே காசுக்கு மதிப்புள்ள கட்டம் இதுதான். ஒன்று கவனியுங்கள், கண்ணாடிச் சீட்டில் இருக்கும் சிலிண்டரை வைத்து முடிவு செய்யக் கூடாது. அதில் ஒரு பங்கு புரை பிடித்த இயற்கை லென்ஸிலிருந்து வந்திருக்கலாம், அதைத்தான் எடுத்துப் போட்டுவிடப் போகிறார்களே. டோரிக் லென்ஸ் சரியான கோணத்தில் உட்கார வேண்டும். ஒரு டிகிரி திரும்பினால் அதன் பலனில் சுமார் 3 சதவீதம் போகும், 30 டிகிரி திரும்பினால் வைத்தும் பிரயோஜனம் இல்லை. அதனால்தான் ஆபரேஷனுக்கு முன் உட்கார வைத்து, படுக்க வைக்காமல், கண்ணில் குறி போடுவார்கள். படுத்தால் கண்ணே லேசாகச் சுழலும்! "இங்கே டோரிக் அடிக்கடி வைக்கிறீர்களா?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

அப்புறம் மல்டிஃபோகல், ட்ரைஃபோகல். இதற்குத்தான் மேஜையில் அதிகப் பேச்சு. இது புராக்ரசிவ் கண்ணாடி மாதிரி மேலே தூரம், கீழே கிட்டம் என்று வேலை செய்வதில்லை. உள்ளே வருகிற வெளிச்சத்தையே பங்கு பிரித்துத் தூரத்துக்கும் நடுவுக்கும் கிட்டத்துக்கும் ஒரே நேரத்தில் அனுப்புகிறது. பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் குறையத்தானே செய்யும்? மங்கலான வெளிச்சத்தில் கூர்மை குறையும், இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். பலருக்குச் சில மாதத்தில் பழகிவிடும், பழகியவர்கள் சந்தோஷமாகவும் இருக்கிறார்கள்.

என் சித்தப்பாவுக்குப் பழகவில்லை. அவர் டாடா ஏஸில் ராத்திரி ராத்திரியாக ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றுகிறவர். பிள்ளைகள் ஆசைப்பட்டு வேறொரு ஆஸ்பத்திரியில் பெரிய கட்டத்தையே டிக் அடித்தார்கள். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. இப்போது கண்ணாடி இல்லாமல் தினத்தந்தி படிக்கிறார், எதிரே லாரி வந்தால் மட்டும், "வெளிச்சத்தைச் சுத்தி முறுக்கு புழிஞ்ச மாதிரி இருக்குடா" என்கிறார். ராத்திரி ஓட்டுவதற்கு ஒரு பையனைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார். லென்ஸ் விலையோடு அந்தச் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

இரவில் ஓட்டாதவர், விழித்திரை சுத்தமாக இருப்பவர், கண் வறட்சி இல்லாதவர், கண்ணாடியை மனதார வெறுப்பவர், சின்னச் சின்னக் குறைகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத சுபாவம் உள்ளவர் என்றால் தாராளமாக வைக்கலாம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். வைத்த பிறகு வளையம் தொந்தரவாக இருந்து லென்ஸை மாற்றும் யோசனை இருந்தால், பின்சவ்வு மங்கினால் செய்கிற யாக் லேசரைச் செய்துகொள்வதற்கு முன்பே அதைப் பேசிவிடுங்கள். லேசரில் பின்சவ்வைத் திறந்துவிட்டால் மாற்றுவது பெரிய சிக்கல்.

நடுவில் இரண்டு வகை உண்டு. தெளிவான தூரத்தைக் கொஞ்சம் நீட்டிக் கொடுக்கும் ஈடாஃப், மோனோஃபோகலிலேயே சற்று மேம்பட்ட 'பிளஸ்' ரகம். தூரத்தோடு கம்ப்யூட்டர், சமையல் மேடைத் தூரமும் ஓரளவு கிடைக்கும், வளையத் தொந்தரவு ட்ரைஃபோகலைவிடக் குறைவு, சின்ன எழுத்துக்குக் கண்ணாடி வேண்டியிருக்கும். ஆபீஸ் போகிற ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு இது யோசிக்கத் தகுந்தது.

6. கத்தியா, மெஷினா, லேசரா

ஃபேக்கோ என்றால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் துளை வழியாக அல்ட்ராசவுண்டால் புரையை உடைத்து உறிஞ்சி, மடக்கு லென்ஸ் வைப்பது. எஸ்ஐசிஎஸ் என்றால் ஆறு ஏழு மில்லிமீட்டர் வெட்டு, அதுவும் தையல் இல்லாமல் தானே மூடிக்கொள்ளும். இலவச முகாம்களில் பெரும்பாலும் இதுதான். இதை மட்டமாக நினைக்காதீர்கள், முற்றிக் கெட்டியான புரைக்குப் பல சர்ஜன்கள் இதையே விரும்புகிறார்கள். குணமாகக் கொஞ்சம் நாள் கூடும், சிலிண்டர் பவர் சற்று ஏறலாம், அவ்வளவுதான்.

ஃபெம்டோ லேசர், 'கத்தியில்லா ஆபரேஷன்' என்று தனியாக ஒரு பெரிய தொகை கேட்பார்கள். பிரிட்டனிலும் பிரான்ஸிலும் பெரிய அளவில் ஒப்பிட்டுப் பார்த்ததில் சாதாரண ஃபேக்கோவைவிடப் பார்வையில் மேலான பலன் எதுவும் தெரியவில்லை. பணம் இழுபறி என்றால் முதலில் வெட்ட வேண்டியது இதைத்தான்.

7. எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள்

'பேக்கேஜ் 42,000' என்பது எதையெல்லாம் சேர்த்தது? கேளுங்கள்: ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் உள்ளேயா வெளியேயா, சொட்டு மருந்து யார் தருவது, அடுத்த ஒரு மாதத்து செக்கப்புக்குத் தனி ஃபீஸா, பிற்பாடு சவ்வு மங்கினால் யாக் லேசர் எவ்வளவு, ஆபரேஷன் நடுவில் வேறு லென்ஸ் வைக்க வேண்டி வந்தால் என்ன கூடும். லென்ஸின் கம்பெனிப் பெயரையும் மாடல் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். 'பிரீமியம்', 'கோல்டு' என்பதெல்லாம் ஆஸ்பத்திரி வைத்த பெயர், அதற்குள் எதுவும் இருக்கலாம். இதய ஸ்டென்ட்டுக்கும் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் 2017-ல் மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்தது, கண் லென்ஸுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே ஒரே மாடலை இரண்டு ஆஸ்பத்திரியில் விசாரித்துப் பார்ப்பது உங்கள் வேலை. ராத்திரி தங்கத் தேவையில்லை, காலையில் போய் மதியம் வீடு திரும்பும் சமாச்சாரம். ரூம் வாடகை பில்லில் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

8. பணம் எங்கிருந்து

இலவச வழியை முதலில் சொல்கிறேன், இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் 1976-லிருந்து நடக்கிறது. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் லென்ஸோடு இலவசமாகச் செய்கிறார்கள். சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது, உலகத்திலேயே பழைய கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று. அரவிந்த் அதே 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு மதுரையில் ஆரம்பித்தது. பணம் கட்டுகிற பிரிவும் இலவசப் பிரிவும் அங்கே தனித்தனி, பார்க்கிற டாக்டர்கள் மாறி மாறி இரண்டிலும் பார்க்கிறவர்கள். ஊருக்கு முகாம் வரும்போது பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் ஆபரேஷன் செய்து கொண்டுவந்தும் விட்டுவிடுகிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி அப்படித்தான் போய் வந்தார், செலவு போன வழியில் குடித்த டீ மட்டும்.

இன்சூரன்ஸ் இருந்தால் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, காத்திருப்புக் காலம். பெரும்பாலான தனிநபர் பாலிசியில் புரைக்கு இரண்டு வருஷம். மங்க ஆரம்பித்த பிறகு ஓடிப்போய் எடுத்தால் உடனே ஆகாது. பிள்ளைகளின் ஆபீஸ் குரூப் பாலிசியில் பெற்றோர் பெயர் இருந்தால் பல இடங்களில் இந்தக் காத்திருப்பு இருக்காது, முதலில் அதைத் திறந்து பாருங்கள். இரண்டு, ஒரு கண்ணுக்கான உச்சவரம்பு. எல்லாக் கம்பெனியும் விற்கிற ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000 ரூபாய், எது குறைவோ அது. அதாவது ஐந்து லட்சம் பாலிசி என்றாலும் கண்ணுக்கு 40,000 தான், ஒரு லட்சம் பாலிசி என்றால் 25,000. அரசு ஊழியர், ஓய்வூதியர் திட்டத்திலும் தனி வரம்பு உண்டு, அலுவலகத்தில் கேளுங்கள். மூன்று, லென்ஸ் வகை. மல்டிஃபோகல் வைத்தால் பல கம்பெனிகள் மோனோஃபோகலுக்கு உரியதை மட்டும் கொடுத்துவிட்டு மீதியை உங்கள் தலையில் கட்டுவார்கள். முன் அனுமதி வாங்கும்போதே மாடல் பெயரோடு கேட்டு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.

எங்களுக்கு இதில் ஒரு அடி விழுந்தது. முதல் கண்ணுக்குக் கேஷ்லெஸ் அனுமதி, அதாவது கம்பெனியே நேராக ஆஸ்பத்திரிக்குக் கட்டுவதற்கான சம்மதம், இரண்டு நாளில் வராததால் பணம் கட்டிவிட்டுப் பிறகு கிளெய்ம் போட்டோம். லென்ஸ் ஸ்டிக்கர் இல்லை என்று கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது டிஸ்சார்ஜ் சம்மரியின் பின்பக்கம்தான் ஒட்டியிருந்தது, நான் முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்திருந்தேன். அதை மறுபடி அனுப்பிப் பணம் வர ஆறு வாரம் ஆயிற்று. ஆகவே பில், லென்ஸின் தனி இன்வாய்ஸ், ஸ்டிக்கர், ஏ-ஸ்கேன் தாள், எல்லாவற்றையும் இரண்டு பக்கமும்.

அம்மா அப்பாவுக்கு அறுபது தாண்டி, இன்சூரன்ஸ் எதுவும் இல்லை, நீங்கள் பழைய வரி முறையில் இருக்கிறீர்கள் என்றால், அவர்களுக்குச் செய்த மருத்துவச் செலவில் 50,000 வரை, 80டி என்று சொல்கிற சலுகையில், உங்கள் வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். பணமாக நீட்டாமல் கார்டிலோ ஜிபேயிலோ கட்டியிருக்க வேண்டும். இரண்டு கண்ணையும் மார்ச்சில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று என்று வைத்தால் இரண்டு நிதியாண்டில் விழும். டாக்டர் சரி என்றால் மட்டும்.

9. அன்றைக்கும் அதற்குப் பிறகும்

தியேட்டருக்குள் போகும் முன் எந்தக் கண், எந்த மாடல், எத்தனை பவர் என்று ஒருமுறை நர்ஸிடம் சத்தமாகச் சொல்லிச் சரிபாருங்கள். அம்மாவின் ஸ்டிக்கரில் மாடல் பெயர், பவர், வரிசை எண், காலாவதித் தேதி எல்லாம் இருந்தன. அதைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டேன், அங்கே போட்டால் தொலையாது.

சொட்டு மருந்தை நாலைந்து வாரத்துக்குப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போவார்கள். எங்கள் வீட்டில் தினசரிக் காலண்டர் தாளிலேயே கோடு போட்டு அடித்தோம். இரண்டு மருந்துக்கு இடையில் ஐந்து நிமிஷம் விடுங்கள், இல்லாவிட்டால் முதல் மருந்தை இரண்டாவது கழுவிவிடும். தலைக்குக் குளிப்பது, அடுப்புப் புகை, கண்ணைக் கசக்குவது எல்லாம் டாக்டர் சொல்கிற நாள் வரை வேண்டாம். லேசான உறுத்தல் இருக்கும். ஆனால் வலி கூடிக்கொண்டே போவது, சிவப்பு ஏறுவது, நன்றாகத் தெரிந்த பார்வை திடீரென்று மங்குவது, மின்னல் வெட்டுவது போலத் தெரிவது, இதில் எது வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காலையில் பார்க்கலாம் என்று விட்டால் கண் போய்விடக்கூடிய தொற்றாகவோ விழித்திரை விலகலாகவோ இருக்கலாம்.

ஒரு வருஷம் கழித்தோ மூன்று வருஷம் கழித்தோ மறுபடி மங்கினால் "புரை திரும்ப வந்துடுச்சு" என்று பயப்பட வேண்டாம். புரை திரும்ப வராது. பின்சவ்வு மங்கியிருக்கும், யாக் லேசரில் சில நிமிஷ வேலை.

கண்ணாடிக் கடைக்கு மட்டும் அவசரப்பட்டுப் போகாதீர்கள். பவர் நிலைக்க ஒரு மாதமாவது ஆகும், இரண்டாவது கண் செய்தால் மறுபடி மாறும். இடைப்பட்ட நாளுக்கு விலை குறைந்த சாதாரணக் கண்ணாடி போதும். அம்மா இரண்டு கண்ணும் முடிந்து ஆறு வாரம் கழித்துத்தான் புதுக் கண்ணாடி வாங்கினார், மைனஸ் 2.25-ம் மைனஸ் 2.5-ம், பழைய ஃப்ரேமிலேயே. கடைக்காரர் புராக்ரசிவ் போட்டுக்கொள்ளச் சொல்லிப் பார்த்தார். அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு பில்லில் இருந்த தொகையைப் படித்தார்.